கோலிக்குண்டும் சைக்கிள் மணியும்

"நிறுத்துடா!"

தேர்தல் அதிகாரி சார்ஜோ பாய்ந்து வந்து சைக்கிளைப் பிடித்தார்.

"காலையிலேர்ந்து கிணிகிணின்னு சுத்திக்கிட்டே இருக்கே! ஓட்டுச்சாவடிப் பக்கம் மணியடிக்கக் கூடாதுன்னு தெரியாது?"

காம்பியாவில் ஓட்டு என்றால் கோலிக்குண்டுதான். திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பீப்பாய். பிடித்தவர் பீப்பாயில் குண்டைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு மணிதானா என்று வாசலில் அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"யார் பையன் நீ?"

"தலைவர் பையன். யான்குபா."

மரத்தடியில் ஊர்த்தலைவர் கெமோ கோலா கொட்டையை மென்றுகொண்டிருந்தார். தேர்தலில் நிற்பது அவருடைய சொந்தத் தம்பி. அப்பன் திமிர் பிள்ளைக்கும் என்று பல்லைக் கடித்தார் சார்ஜோ. சைக்கிளைப் பிடுங்கிப் பூட்டினார்.

மணி நின்றது. வரிசையும் நின்றது.

"போம்மா, உன் முறைதான்."

வரிசையின் முன்னால் நின்ற நீமா நகரவில்லை. "எப்படிப் போறது ஆபீசர்? கழுத்து மணிச் சத்தத்த வெச்சே எவன் வீட்டு ஆடுன்னு சொல்ற தலைவரு அங்க மரத்தடியில உக்காந்திருக்காரு. எந்தப் பீப்பாய் அடிக்குதுன்னு அவருக்குத் தெரியாதா? நாளைக்குக் கடலை விதைக்க நிலம் பிரிச்சுக் கொடுக்குறதும் அவருதான். அந்தச் சைக்கிள் புண்ணியத்துலதான் இவ்ளோ நேரம் எல்லாரும் பயமில்லாம போட்டாங்க!"

சார்ஜோவுக்குச் சுருக்கென்றது. யான்குபாவைத் தனியே கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்கப்பா. மணி கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது. உலக்கையப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

பையன் சிட்டாய்ப் பறந்தான். சற்று நேரத்தில் மரத்தைச் சுற்றி உரல்கள் வந்து இறங்கின. டொம் டொம்மென்று கம்பு இடிபட்டது. பெண்கள் சிரித்தார்கள். நீமா தலை நிமிர்ந்து திரைக்குள் போனாள். உள்ளே அடித்த மணி வாசலில் இருந்த சார்ஜோவுக்கு மட்டும் கேட்டது.

சுதந்திர நாட்டின் முதல் தேர்தல். அவருக்கு நெஞ்சு விம்மியது.

ஓட்டுப்பதிவு முடிந்ததும், சும்மா போக மனமில்லாமல் மரத்தடிக்குப் போனார்.

"பெருமைப்படுங்க தலைவரே! உங்களையே எதிர்த்து நின்னு ஊரைக் காப்பாத்திட்டான் உங்க பிள்ளை."

"எதிர்த்தா?" கெமோ சிரித்தார். "நான் எழுந்து வீட்டுக்குப் போனாலும், அங்கேர்ந்தே அவருக்கு மணி கேக்கும்பாங்க. அதான் சைக்கிளக் கொடுத்து நானே அனுப்புனேன். என் தம்பி தோத்தா சோறு போட்டுத் தேத்திக்குவேன். ஊரு எனக்குப் பயந்து ஓட்டுப் போட்டா, வெள்ளைக்காரன் போயிட்டான்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"