புழுப் பொருத்தம்

செண்பகவல்லியின் ஈயச் சொம்பு ரசத்துக்கு விலை ஒரு மருமகள்.

கும்பகோணத்தில் இப்போதெல்லாம் ஜாதகம் பார்ப்பதில்லை. சம்பந்தி வீட்டுப் புழுத்தொட்டியைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக் கழிவெல்லாம் கொல்லையில் கோரைப்புல் வளர்த்த குட்டை வழியாக வடிந்து அதில் வந்து சேரும். குடும்பம் விழுங்கிய உலோகமெல்லாம் மண்புழு வயிற்றில் தங்கிவிடும்.

பெண்ணின் அப்பா வைத்திலிங்கம் செண்பகவல்லி வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு புழுவை எடுத்து மீட்டரில் வைத்தார். முள் காரீயத்தின் உச்சிக்குப் போய் நின்றது.

"ஏம்மா, பையனுக்குப் பாலுக்குப் பதிலா பேட்டரியா கொடுத்து வளர்த்தீங்க?"

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அது எப்படி? இது பக்கத்து வீட்டுக் குஞ்சிதத்தோட புழுவாச்சே! நேத்துதானே மாத்தினேன்!" என்று உளறிவிட்டாள்.

மதில்மேல் எட்டிப் பார்த்த குஞ்சிதம் சிரித்தாள். "அக்கா, உங்க சொம்பு ரசத்தைத்தானே தினம் நாங்களும் குடிக்கிறோம்!"

வைத்திலிங்கம் எழுந்துவிட்டார். கூட வந்திருந்த பெண் பூங்கோதை மட்டும் எழவில்லை. "அத்தை, காரீயம் கலந்த அந்தச் சொம்பைக் கொடுத்துடுங்க. நான் வந்துடறேன்."

செண்பகவல்லி சொம்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மறுநாள் எவர்சில்வரில் கொதித்த ரசத்தை ருசி பார்த்தவள், மனசுக்குள் கணக்குப் போட்டாள்: வரவு, மருமகள் ஒன்று. செலவு, சொம்பு ஒன்று. ரசம் மட்டும் இன்னும் பாக்கி.