ஏழு தலைமுறை நவாப்

"இந்த ஆரணியில ஏழு தலைமுறைக்குத் தாத்தன் பேரு சொல்ற ஆளு யாருனா இருக்கானா? என் நாய்க்கு இருக்குது, பேப்பரோட!"

வீரபாகு இதைச் சிரிக்காமல் சொன்னார். அவருடைய ஆறு விசைத்தறிகளும் ஓடிக்கொண்டிருந்த கொட்டகையில், அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார்.

நாய்க்குட்டியின் பெயர் நவாப். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம், ஆறு மாத வயது. அதை வாங்கும் முன் வளர்ப்பாளரிடம் அவர் கேட்ட கேள்விகள் நாற்பத்தொன்று. இடுப்பெலும்பு, இதயம், கண், தோல், தாய்வழிப் பாட்டிக்குச் சொறி வந்ததுண்டா என்பது வரை ஃபைலில் இருந்தது. தனக்குப் பெண் பார்த்தபோது அவர் கேட்டது இரண்டே கேள்வி.

"பாத்துக்கோ பவுலு! உக்காரு!" என்று அலறினார். உள்ளங்கை தாழ்ந்தது. நவாப் உட்கார்ந்தது.

"வா!" விரல் மடங்கியது. நவாப் ஓடி வந்து காலை உரசியது.

"ஒரு தடவதான் சொன்னேன். அதான் வம்சம்!"

தறி மெக்கானிக் பவுல்துரை தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றினார். வாசலில் படுத்திருந்த அவருடைய தெருநாய் மணி எழுந்து வந்தது.

வீரபாகு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாய்யா, ரயிலுக்குக் கொடி காட்றியா? இதெல்லாம் தெருநாய் வித்தை. ஜாதி நாய்க்கு வாய் வார்த்தை போதும்."

"நாளைக்கு சேத்துப்பட்டு போட்டியில பாக்கலாம் முதலாளி."

"தோத்துட்டா இன்னாப்பா பண்ணுவே?" காதருகே வந்து கேட்டாள் மகள் லாவண்யா.

"தோக்கறதா? எதுனா ஒரு குறை தெரிஞ்சா அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவேன். புடவையில ஒரு இழை விட்டிருந்தா வெச்சிக்கிறேனா? பட்டுன்னாலும் நாய்னாலும் ஒரே பேச்சு."

லாவண்யா நவாப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் சேத்துப்பட்டு மைதானத்தில் விசில் பறந்தது. ஓட்டத்தில் நவாப் முதல். தாண்டுவதில் நவாப் முதல். "ஏழு தலைமுறை!" என்று பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார் வீரபாகு. பஜ்ஜி போடுகிறவருக்கும் சொன்னார்.

கடைசிச் சுற்று. மைக் சொன்னது: "நாய்க்காரங்க கையைப் பின்னால கட்டிக்குங்க. பேரைச் சொல்லி வாயால மட்டும் கூப்பிடணும்."

வீரபாகு அலட்சியமாகக் கையைக் கட்டிக்கொண்டார். "நவாப்!"

இருபதடி தள்ளி நின்ற நவாப் ஒரு வேர்க்கடலைத் தோலை ஆராய்ந்துகொண்டிருந்தது.

"நவாப்! டேய் நவாப்பூ!"

ஆறு தறிகளை அமுக்கிய குரல் அது. மைதானத்துக்கு வெளியே கட்டியிருந்த ஆடு எழுந்து நின்றது. நவாப் திரும்பவில்லை.

நடுவராக வந்திருந்த கால்நடை டாக்டர் அன்பரசு, நவாப்பின் பின்னால் போய் நின்று கையைத் தட்டினார். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடித்தார். வால் ஆடியது, காது ஆடவில்லை.

"பொறவியிலயே ரெண்டு காதும் கேக்காது சார். வெள்ளை நாய்ங்களுக்கு வம்சத்துல வர்றதுதான்."

"நாப்பத்தோரு கேள்வி கேட்டேன் டாக்டர்! அப்பன் ஆத்தா ரெண்டுக்கும் காது நல்லா கேக்கும், பேப்பர் இருக்குது!"

"அதுங்களுக்குக் கேக்கும் சார். இருந்தாலும் குட்டிக்கு வரலாம். ஆமா, இத்தினி மாசமா வீட்ல யாருக்குமே தெரியலியா?"

வீரபாகுவுக்குத் தன் கொட்டகையும், அங்கே எல்லாருடைய வாயோடும் சேர்ந்து பேசும் கைகளும் ஞாபகம் வந்தன. கடைசியாக, 'உக்காரு' என்றபோது தாழ்ந்த தன்னுடைய கை. பின்னால் கட்டியிருந்த அந்தக் கையை முன்னால் எடுத்துப் பார்த்தார்.

"வளர்ப்பாளர் நல்லவருதான். திருப்பிக் குடுத்தா வேற குட்டி தருவாரு," என்றார் டாக்டர்.

லாவண்யா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் நவாப் மைதானத்தின் மறுகோடிக்குப் போய், கூட்டத்தில் யாரையோ தேடி விழித்துக்கொண்டிருந்தது.

வீரபாகு நாலு பக்கமும் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற பவுல்துரையின் தோளிலிருந்த துண்டை மெதுவாக உருவினார்.

"இன்னா முதலாளி, ரயிலு வருதா?"

"சும்மா இருய்யா," என்று முணுமுணுத்துவிட்டு, அவர் துண்டைத் தலைக்கு மேலே ஒரே ஒரு முறை சுழற்ற, ஏழு தலைமுறை நவாப் புழுதி பறக்க ஓடி வந்தது.