பதினேழாம் நம்பர் சட்டம்

"பதினேழாம் நம்பர் சட்டத்தைக் காணோம்!" தானே செய்துவரும், கூடத்தை அடைத்துக் கிடந்த மரக் கிளைடர் விமானத்தின் இறக்கை நடுவிலிருந்து கணவர் அலுத்துக்கொண்டார்.

"எட்டு மாசமா இதே பாட்டு. எப்பதான் முடிப்பீங்க?" என்றாள் மனைவி.

"அது கிடைச்சா இன்னிக்கே முடிஞ்சிடும். புதுசா அறுக்கணும்னா ஒரு வாரம்."

"எல்லாம் என் தலையெழுத்து! உள்ள பாக்குறேன்."

ஓய்வுபெற்ற முதல் மாதம் அவர் அவளுடைய சமையலறையைத்தான் ஒழுங்குபடுத்தினார். உப்பு டப்பாவுக்குக்கூட நம்பர் ஒட்டினார். இன்னொரு முறை அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

சமையலறைக்குள் போய், கைத்துணிக்குள் மறைத்து வந்த அந்த மரச் சட்டத்தை அலமாரிக்குப் பின்னால் செருகினாள். ஏதோ தட்டுப்பட்டது.

போன மாதம் அவர் வீடெல்லாம் தேடிய வால் பலகை. அவருடைய கைக்குட்டையிலேயே பத்திரமாகச் சுற்றியிருந்தது.

"கிடைச்சுதா?"

"எங்கயும் இல்லீங்க. புதுசாவே அறுத்துடுங்க!"