ரென்னியின் கன்னிப்பேச்சு

“இன்னும் காரமா எழுதுங்க சார்!” என்றார் ரென்னி. கொத்தனாராக இருந்து, வெள்ளையர் குடியேறிய அந்தக் காலனி நாட்டின் சட்டசபைக்குப் போனவர். இன்று அவருக்கு முதல் பேச்சு.

பேச்சை எழுதிக்கொடுக்க வந்த பென்ஹாலின் பேனா பறந்தது. “கேளுங்க. ‘ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன் கட்டின வரியில, பணக்காரப் பிள்ளைங்க லத்தீன் வகுப்புல உட்கார்ந்து கொட்டாவி விடறாங்க! வேலைக்குப் போறவங்களுக்கு மாலை வகுப்பு வைக்கிற வரைக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பவுண்டுகூட அரசு மானியம் கிடையாது!’”

“அடேங்கப்பா! உங்களுக்கு அவங்க மேல என்னை விடக் கோபம்!”

மதியம் சபையே அதிர்ந்தது. ஆறு ஓட்டு வித்தியாசத்தில், மானியத்தை நிறுத்தி வைக்கும் தீர்மானம் ஜெயித்தது. ரென்னி வெளியே ஓடிவந்து பென்ஹாலைக் கட்டிக்கொண்டார்.

அப்போது பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார்.

“பேராசிரியர் ஐயா! உங்களை எங்கெல்லாம் தேடறது? நிர்வாகக் குழு கொதிச்சுப் போயிருக்கு. இந்த ரென்னிக்கு நீங்கதான் பதில் எழுதணுமாம். நம்ம லத்தீன் துறைத் தலைவரை விட்டா சூடா எழுத ஆளில்லைன்னாங்க!”

ஊழியர் நகர்ந்ததும் ரென்னி பதறினார். “ஐயோ, என்ன எழுதப் போறீங்க?”

பென்ஹால் தொப்பியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

“மாலை வகுப்பு வைங்கன்னு பத்து வருஷமா நான் கெஞ்சியும் நிர்வாகக் குழு அசையலை. இப்ப மானியம் இல்லாம பல்கலைக்கழகக் கதவைத் திறக்க முடியாது. ‘சம்மதம்’னு ஒரே வார்த்தை எழுதி நீட்டுவேன். கையெழுத்துப் போட்டுத்தானே ஆகணும்!”