இடது முன்னங்கால்

கொடைக்கானல் ஏரிக்கரைச் சவாரிக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்க இரண்டே டாக்டர்கள்தான்: தாவூதும், அவனோடு கல்லூரியில் படித்த செங்கமலமும். குதிரையின் வலியை அப்படியே தன் உடம்பில் உணரவைக்கும் கச்சையை மற்ற ஊர் டாக்டர்கள் அரை நிமிடம் கட்டிப் பார்த்துவிட்டு அவிழ்த்து எறிந்துவிடுவார்கள். செங்கமலமோ குதிரை தேறும்வரை அவிழ்க்கமாட்டாள். அந்தத் துணிச்சல் தாவூதுக்கு இன்னும் வரவில்லை.

அன்று காலை பவளம் என்ற பெண்குதிரை வயிற்றுவலியில் உருண்டு புரண்டது. செங்கமலம் கச்சையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அதன் மூக்கு வழியே குழாய் செலுத்தினாள். பவளம் திமிறி அவளைச் சுவரில் மோதித் தள்ளியது. அவள் குழாயை விடவில்லை.

மதியம் பவளம் சாணி போட்டதும் குதிரைக்காரர் சின்னராசு கையெடுத்துக் கும்பிட்டார். "பொழச்சிட்டா டாக்டரம்மா!"

"வயிறு லேசாயிடுச்சு. ஆனா இடது முன்னங்கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. தாவூத், நல்லாப் பாரு."

தாவூத் குளம்பிலிருந்து தோள்வரை அழுத்திப் பார்த்தான், நடக்கவிட்டும் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. சந்தேகம் தட்டவே, அவள் இடுப்புக் கச்சையை அவிழ்த்தான்.

"இப்ப?"

"இப்பவும் உயிர் போகுதுடா."

அவள் இடது கையுறையை மெல்ல உருவினான். மணிக்கட்டு கோணி, வீங்கியிருந்தது.

"இது பவளத்தோட வலி இல்ல, கமலா. உன் எலும்புதான் உடைஞ்சிருக்கு."

செங்கமலம் கையைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பானது.

"அப்பாடா! அவளுக்குக் கால் உடைஞ்சிருந்தா, ஊசி போட்டுக் கொன்னுல்ல இருக்கணும்?"