மீன்பெட்டிக்குள் வைத்த போர்வை

வாவி மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் என் தங்கச்சியின் போர்வைத் துணியை வைத்து மூடியபோது, என்னைக் கட்டிய மாப்பிள்ளை மீராசாஹிப் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதக் கிலோ என்ன வெலைக்கு விக்கிற புள்ள?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துணியைக் கெடுத்தது நான்தான். கைறுன்னிஸா மாமியின் மகள் கலியாணத்துக்கென்று தங்கச்சி ஸாதியா தைக்கத் தொடங்கிய பஞ்சுப் போர்வையின் மேல்துணி அது. வெள்ளைத் துணி முழுக்க நீலப் பேனையால் பூவும் கொடியுமாகக் கீறி வைத்திருந்தாள். தைத்து முடித்த பிறகு அயன் பண்ணினால் அந்தச் சூட்டுக்குக் கோடு தானாக மறைந்துவிடும். அப்படிப்பட்ட பேனை. மிச்சத்தை நாம் தைத்துக் கொடுப்போமே என்று கையில் எடுத்த நான், சுருங்கிக் கிடக்கிறதென்று தைப்பதற்கு முன்பே சூடான அயனை வைத்து இழுத்துவிட்டேன்.

ஒரு பூ மிஞ்சவில்லை.

ஸாதியாவிடம் இதை எப்படிச் சொல்வது? அவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். வைத்த சோறு வைத்தபடி இருக்கிறது.

அவளுடைய மாப்பிள்ளை பஹ்மி ஏறாவூரில் இருக்கும் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. சண்டை வந்தால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது மாப்பிள்ளைதான். ஆட்டோ ஓட்டுகிறவன், தன் ஆட்டோவிலேயே ஏறிப் போனான்.

ஐந்து வருடமாகப் பிள்ளை இல்லை. ஊர்வாய் சும்மா இருக்குமா? பஹ்மி வேறு பெண் பார்க்கிறானாம் என்று காத்தான்குடி முழுக்கப் பேச்சு. நானும் நம்பினேன். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் மீராசாஹிப் பள்ளிவாசல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறாவூர் போவதாக ஏற்பாடு. ஒன்று திரும்பி வா, இல்லையென்றால் உறவை முடித்துவிட்டுப் போ என்று அவனிடம் கேட்க வேண்டும். எப்படியெல்லாம் கேட்க வேண்டுமென்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்கச் சொன்னேன்.

அதற்கிடையில் போர்வையையாவது சரிக்கட்ட நினைத்தேன். கடும் குளிரில் வைத்தால் மறைந்த கோடு திரும்பி வருமாம். தையல் வகுப்பில் கேட்டுவந்து ஸாதியா முன்பு சொல்லியிருக்கிறாள். எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டு ஒரு கோழிக்கே காணாது. மீன்பெட்டிதான் கதி. ஐஸை உடைத்து, உப்பை அள்ளிப் போட்டு, துணியைப் பொலித்தீனில் சுற்றி நடுவில் வைத்தேன். உப்புப் பட்ட ஐஸ் கையை அறுக்கும். மீன்காரன் பெண்டாட்டிக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மீராசாஹிப் பள்ளிவாசலுக்குப் போன பிறகு மூடியைத் திறந்தேன்.

பூ வந்திருந்தது. கொடியும் வந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மேசையில் விரித்தேன்.

ஒரு மூலையில் மட்டும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பிக் கிடந்தன. கிட்டே குனிந்து பார்த்தேன். பூக்களுக்கு அடியில் வேறொரு படம் இருந்தது. முதலில் அதைக் கீறி, பிறகு அயன் பண்ணி அழித்துவிட்டு, அதற்கு மேல்தான் ஸாதியா இந்தப் பூக்களைக் கீறியிருக்கிறாள். குளிர் இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது.

அது ஒரு சின்னப் போர்வையின் அளவு. என் கை நீளம்தான் இருக்கும். பெரிய ஆள் எவரும் அதைப் போர்த்திக்கொள்ள முடியாது.

ஓரக் கோடு ஸாதியாவுடையது, அடிமட்டம் வைத்துக் கீறியது. உள்ளே கட்டங்களுக்குள் இருந்தவை அவள் கைவேலை இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆட்டோ. ஒன்றின் சில்லு பூசணிக்காய் மாதிரி, மற்றதன் சில்லு முட்டை மாதிரி. ஒன்றில் சாரதியும் இருந்தான், அவன் தலை கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படம் கீறிப் பழக்கமில்லாத ஒருவன் ஆசை ஆசையாகக் கீறியிருக்கிறான்.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை வயிற்று வலி என்று ஸாதியா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போன எங்களை பஹ்மி வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினான். திமிர் பிடித்தவன் என்று வீடே அவனைத் திட்டியது.

அது வயிற்று வலி இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே இரண்டு பேரும்.

ஸாதியா எழும்பி வந்து இதைக் காணக் கூடாது என்று தோன்றியது. அயனைச் செருகி, சூடானதும் அந்த மூலைக்குக் கொண்டுபோனேன்.

ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அவள்தான். கதவடியில் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது.

“அத அழியாதீங்க ராத்தா. நான் அழிச்சதுக்குத்தான் அவர் எழும்பிப் போனவர்.”

அயனை நிமிர்த்தி வைத்தேன். வாசலில் மீராசாஹிபின் குரலும் பள்ளிவாசல் ஆட்களின் குரலும் கேட்டன.

துணியை மடித்தேன். அதில் மீன் மணம் இலேசாக இருந்தது. வெளியே போய் மற்றவர்களுக்குச் சலாம் சொல்லி அனுப்பிவிட்டு, அதை மீராசாஹிபின் கையில் வைத்தேன். நீங்கள் மட்டும் போய் இதை பஹ்மியிடம் கொடுங்கள் என்றேன்.

“என்னெண்டு செல்லிக் குடுக்கிற?” என்று கேட்டார்.

“ஒண்டும் செல்ல வேணாம். வெயில் படாமக் கொண்டு போங்க.”