விரல் பட்ட வெள்ளை

வெள்ளையாக இருக்கும் ஒரு பொருளுக்குள் வெள்ளை என்று எதுவுமே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆய்வக மேசையில், அவள் முன்னால் அப்படி ஒன்று கிடந்தது.

விரல் நகம் அளவுக்கு ஒரு வட்டு. அலுமினிய ஆக்சைடு. உள்ளே முழுக்கத் துளைகள், கண்ணுக்கே தெரியாத துளைகள். நுழைந்த வெளிச்சம் முட்டி மோதி, வழி தெரியாமல் அலைந்து, கிடைத்த பக்கமெல்லாம் வெளியே வரும். வெள்ளை என்பது அவ்வளவுதான்.

அதன் நடுவில் இப்போது ஒரு சன்னல்.

காலையில் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்ட கை. உறை மாட்ட மறந்த கை. சும்மா பார்க்கத்தான் எடுத்தாள். தேங்காய் எண்ணெய் துளைகளுக்குள் இறங்கிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் அலையவில்லை. நேராகப் போனது. அடியில் இருந்த மேசைக் கீறல் பளிச்சென்று தெரிந்தது.

வட்டு இருதயராஜுடையது.

தைவானில், அந்த ஆய்வகத்தில், அவளோடு தமிழ் பேச இருக்கும் ஒரே ஆள். தூத்துக்குடிக்காரன். இடி இடித்த ஒரு நாள், துளை போடும் மின்சாரம் தடுமாறி, துளைகள் தாறுமாறாக விழுந்து, தானாக அமைந்த வட்டு அது. மூன்று மாதம் முயன்றும் இன்னொன்று வரவில்லை.

நாளை காலை ஒன்பது மணிக்கு லேசர் சோதனை. அது சரியாக வராவிட்டால் அவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டாள். வட்டு முழுக்கக் கண்ணாடி ஆனது. காய்ந்ததும் வெள்ளை திரும்பியது.

சன்னல் அப்படியே இருந்தது.

அவன் வகுப்பு முடிந்து வர சாயங்காலம் ஆகும். அவள் வட்டை உள்ளே வைத்து மின் உலையைப் போட்டாள். ஐநூறு டிகிரி. எண்ணெய் எரிந்துபோகும்.

உலை ஆறும்வரை உட்கார முடியவில்லை. கழுவிய குடுவைகளையே மறுபடி கழுவினாள். கதவுவரை போனாள். வந்தாள். அவசரப்பட்டுத் திறந்தால் வட்டில் விரிசல் விழும்.

திறந்தபோது பால் வெள்ளை.

ஆனால் சூட்டில் துளைகளின் ஓரங்கள் கொஞ்சம் மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. லேசர் காட்டும் எண்ணில் வரும். அவனுடைய ஆய்வு நோட்டில் வட்டைச் சூடாக்கியதாக ஒரு வரியும் இல்லை.

இருதயராஜ் வந்தான். வட்டு இருந்த டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. அவள் தலை எண்ணெய் மணம் மூன்றாம் மாடிவரை வருகிறது என்று வழக்கம்போலக் கிண்டல் செய்தான்.

"நாளைக்கு நீயும் வந்துரு," என்றான். "தனியாப் போனா எனக்குக் கை நடுங்கும்லா."

தலையாட்டினாள்.

அவன் போனதும் நோட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

திறந்தாள்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு அவள் உறை மாட்டித் தயாராக நின்றாள். இருதயராஜ் நோட்டில் அவள் எழுதியிருந்த வரியைப் படித்தான். வட்டை எடுத்துக்கொண்டான். லேசர் அறைக்குத் தனியாகப் போனான்.